பேய்க் கதை படிக்கலாமா?

பாலக்கோட்டுப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தோழர் நமக்கு நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அதன் சாரமாவது: அவருக்குப் பகல் முழுதும் தக்காளித் தோட்டத்தில் வேலை. இராச் சாப்பாடு முடிந்து வீட்டார் எல்லோரும் பாய் விரித்துப் படுத்த பிறகு, ஒரு சின்ன விளக்கை மாத்திரம் வைத்துக்கொண்டு, தினம் ஒரு பேய்க் கதை படித்துக் காட்டுவது அவர் வழக்கம். சில நாள் புத்தகத்தைப் பார்த்துப் படிப்பார். சில நாள் கைப்பேசியைப் பார்த்துப் படிப்பார். சின்னச் சின்னக் கதைகள்தாம். ஆனால் கடைசி நாலு வரியில் எல்லாம் தலைகீழாகப் போய்விட வேண்டும். அப்படிப்பட்ட கதைகளாகத் தேடிப் பிடித்துப் படிப்பாராம். மனைவியும், மாமியாரும், இரண்டு பிள்ளைகளும் கேட்டு, கொஞ்சம் நடுங்கி, கடைசியில் ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டு சுகமாகத் தூங்கிப் போகிறார்களாம். இதைக் கேள்விப்பட்ட உள்ளூர்த் தோழர்கள் இரண்டொருவர், "கருப்புச் சட்டை போட்டுக்கொண்டு பேய்க் கதை படிப்பது, கள்ளுக்கடை மறியலுக்குப் போகிறவன் வீட்டிலே பானை வைத்துக் குடிப்பதைப் போன்றது" என்று ஆட்சேபிக்கிறார்களாம். ஆகையால் இதில் நம் அபிப்பிராயம் என்னவென்று தோழர் கேட்கிறார். கடிதத்தின் முடிவில் வேறொரு சங்கதியும் நாலு வரியில் எழுதியிருக்கிறார். அதைப் பின்னால் கவனிப்போம்.

நம் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தாராளமாகப் படிக்கலாம். படிப்பதோடு நில்லாமல், பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்கச் செய்யலாம் என்பதே நம் அபிப்பிராயம்.

பகுத்தறிவுக்காரன் என்றால் சிரிப்பும், கதையும், வேடிக்கையும் இல்லாமல் வெறும் உமியைத் தின்று ஜீவிக்க வேண்டியவன் என்று நம் எதிரிகள் நினைக்கிறார்கள். நம்மவர்களிலும் சிலர் அப்படித்தான் நினைக்கிறார்கள் என்பது இக்கடிதத்தால் தெரிகிறது. தர்மபுரிப் பக்கத்துக் கிராமங்களில் பாரதக் கூத்து நடக்கும்போது இரவு முழுவதும் ஜனங்கள் விழித்திருந்து பார்க்கிறார்கள். துரியோதனன் வேஷம் கட்டினவன் பொழுது விடிந்ததும் அரிதாரத்தைத் துடைத்துவிட்டு நம்மிடம் வந்து பீடிக்கு நெருப்புக் கேட்கிறான். அவனை ராஜா என்று நம்பி யாரும் வரி கட்டுவதில்லை. வேஷம் வேஷமென்று தெரிந்தே பார்ப்பதில் என்ன மூடநம்பிக்கை வந்துவிட்டது? அந்த வேஷத்தைக் கடவுளென்று சொல்லி, சூடம் கொளுத்தி, விழுந்து கும்பிட்டுத் தட்டிலே காசும் போடச் சொல்லுகிறபோதுதான் சங்கதி வேறாகிறது.

பேய்க் கதையும் அப்படியே. "இது கதை" என்று சொல்லிக் கதை சொல்லுகிறவன் யாரையும் ஏமாற்றுகிறவனல்ல. "இது என் பாட்டன் கண்ணால் கண்டது, ஆகவே நீ இத்தனை கோழியும் இத்தனை ரூபாயும் கொண்டுவா" என்று சொல்லுகிறவனே ஏமாற்றுக்காரன். இருவருக்கும் உள்ள வித்தியாசம், நாடகக் கத்திக்கும் கசாப்புக் கத்திக்கும் உள்ள வித்தியாசமே.

பயப்படுவதில் ஒரு சுகம் இருக்கிறது என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. ராட்டினத்தில் மேலே போய்க் கீழே வருகிறபோது வயிறு கலங்குகிறது. இறங்கினதும் குழந்தை மறுபடியும் ஏறவேண்டும் என்று அழுகிறது. உடம்பு ஆபத்து வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு நெஞ்சை அடித்துக்கொள்ளுகிறது. அறிவோ, நாம் பத்திரமாகப் பாயிலே படுத்திருக்கிறோம் என்று அறிந்திருக்கிறது. இந்த இரண்டும் ஒரே சமயத்தில் நடப்பதில்தான் அந்த ருசி இருக்கிறது. பேயை உண்மையாக நம்புகிறவனுக்கு இந்த ருசி கிடைக்காது. அவனுக்குக் கிடைப்பதெல்லாம் வேர்வையும், வெளியே போகப் பயந்து விடிகிறவரை அடக்கிக்கொண்டு படுத்திருக்கிற கஷ்டமுமே.

நிற்க, கடைசியில் திருப்பம் வைத்த கதைகளைப் பற்றிச் சொல்ல வேண்டியது தனியாக இருக்கிறது. நம் தேசத்தில் இந்த வகையில் பழமையான ஒன்று வேதாளக் கதை. பதினோராம் நூற்றாண்டில் சோமதேவர் என்பவர் எழுதிய கதாசரித்சாகரத்திலேயே இது இருக்கிறது. தமிழில் விக்கிரமாதித்தன் கதையாக வீடுதோறும் வழங்கிற்று. தமிழிலிருந்து வேதாளக் கதையை பாபிங்டன் என்ற வெள்ளைக்காரர் இங்கிலீஷில் மொழிபெயர்த்து 1831-ல் அச்சாயிற்று. 1947-ல் துவங்கிய அம்புலிமாமாவில் மாதா மாதம் வேதாளம் மரமேறியதைப் படித்து வளர்ந்தவர்கள் நம் வாசகர்களில் ஏராளமாக இருப்பார்கள். ராஜா பிணத்தைத் தோளில் சுமந்து போவதும், வேதாளம் கதை சொல்லிக் கேள்வி கேட்பதும், ராஜா வாயைத் திறந்ததும் அது மறுபடி முருங்கை மரம் ஏறுவதும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தக் கதை எப்படி முடிகிறது என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது.

முடிவு இதுதான். ராஜாவை அந்த நடுராத்திரியில் சுடுகாட்டுக்கு அனுப்பினவன் ஒரு சந்நியாசி. ஹோமம், மந்திரம், லோக க்ஷேமம் என்றெல்லாம் சொல்லி அனுப்பினான். பிணத்திலிருந்த வேதாளமோ கடைசியில் ராஜாவிடம் உண்மையைச் சொல்லுகிறது: "அந்தச் சந்நியாசி உன்னைச் சாஷ்டாங்கமாக விழச் சொல்லுவான், நீ விழுந்ததும் தலையை வெட்டிப் பலி கொடுப்பான், அதற்காகத்தான் உன்னை இத்தனை நடை நடக்கவைத்தான்." ராஜா போனான். "எனக்கு விழத் தெரியாது, எப்படி என்று நீயே விழுந்து காட்டு" என்றான். சந்நியாசி விழுந்து காட்டினான், தலை போயிற்று. வாசகர்களே! இருபத்தைந்து கதை முழுவதும் நாம் எதைப் பார்த்துப் பயந்தோமோ அந்தப் பேய் யோக்கியன். எவனை நம்பினோமோ அந்தச் சாமியார் கொலைகாரன். இதற்கு மேல் நாம் தலையங்கம் எழுதி என்ன சாதிக்கப் போகிறோம்? இந்தக் கதைகளில் ராஜபக்தியும் வருணாசிரம வாடையும் வேண்டிய மட்டும் இருக்கின்றன. அதை நாம் இல்லையென்று சொல்லவில்லை. இருந்தாலும் "விழுந்து கும்பிடு" என்கிறவனைப் பார்த்து "நீ முதலில் விழுந்து காட்டு" என்று சொல்லக் கற்றுக்கொடுக்கிற கதை ஒன்று நம் பாட்டிமார்களின் வாயிலேயே இருந்திருக்கிறது.

சீமையிலும் இப்படி ஒரு கதை உண்டு. சாகி என்ற புனைபெயரில் எழுதிய மன்ரோ என்பவர் பர்மாவிலே பிறந்த இங்கிலீஷ்காரர். 1916-ல் ஐரோப்பிய யுத்தத்தில் சுடப்பட்டு இறந்தார். "திறந்த ஜன்னல்" என்பது அவர் கதை. 1914-ல் வந்த அவருடைய புத்தகத்தில் இருக்கிறது. நரம்புத் தளர்ச்சிக்காரன் ஒருவன் ஓய்வுக்காக நாட்டுப்புறம் வந்து, முன்பின் தெரியாத வீடொன்றுக்குப் போகிறான். அந்த வீட்டிலிருந்த பதினைந்து வயதுப் பெண், "அந்த ஜன்னல் ஏன் திறந்திருக்கிறது தெரியுமா? மூன்று வருஷத்துக்கு முன் இதே நாளில் என் சித்தப்பாவும், சித்தியின் தம்பிகள் இருவரும் வேட்டைக்குப் போய்ச் சேற்றில் முழுகிச் செத்தார்கள். அவர்கள் திரும்பி வருவார்கள் என்று சித்தி இன்னும் ஜன்னலைத் திறந்து வைத்துக் காத்திருக்கிறாள்" என்கிறாள். சித்தி வருகிறாள், அவர்கள் இதோ வந்துவிடுவார்கள் என்று சாதாரணமாகப் பேசுகிறாள். அந்தி மயங்குகிற நேரத்தில், துப்பாக்கியும் நாயுமாக மூன்று பேரும் நடந்து வருகிறார்கள். வந்தவன் தடியை எடுத்துக்கொண்டு ஓட்டம் பிடிக்கிறான். விஷயம் என்னவென்றால், அவர்கள் சாகவே இல்லை. காலையில் வேட்டைக்குப் போய் மாலையில் வீட்டுக்கு வந்தார்கள், அவ்வளவுதான். விருந்தாளி ஏன் ஓடினான் என்று கேட்டதற்கு அந்தப் பெண் உடனே இன்னொரு பொய் சொல்லுகிறாள்: "நாயைக் கண்டு பயந்திருப்பார், கங்கைக் கரைச் சுடுகாட்டில் ஒருமுறை தெருநாய்கள் துரத்தினவாம்." (அந்தச் சீமைப் பெண்ணுக்குக்கூடப் பயத்திற்குக் கங்கைக் கரைதான் அகப்பட்டது! நம் தேசத்துக்கு உலகத்தில் இருக்கும் கீர்த்தி அப்படி.)

இந்தக் கதையை இராத்திரி படித்துச் சிரித்த பிள்ளை, மறுநாள் யாராவது "ஏரிக்கரையில் பேய் நடந்ததைப் பார்த்தேன்" என்று சொன்னால், "சொன்னவர் யார்? எப்போது சொன்னார்? கேட்டவருக்கு நரம்பு எப்படி?" என்று கேட்கும். நாம் மேடை போட்டு, ஒலிபெருக்கி வைத்து மூன்று மணி நேரம் பேசி உண்டாக்கப் பார்க்கிற சந்தேகம், பாயில் படுத்தபடியே பத்து நிமிஷத்தில் உண்டாகிவிடுகிறது. எல்லாக் கதையும் இப்படித் திரையை விலக்கிக் காட்டத்தான் வேண்டும் என்றும் நாம் சொல்லவில்லை. புதுமைப்பித்தனின் காஞ்சனை, பேய் உண்டா இல்லையா என்று சொல்லாமலே விட்டுவிடுகிறது. படிக்கிறவன் யோசித்துக்கொண்டு படுக்கட்டும். அதனால் யாருக்கும் நஷ்டமில்லை.

இனி, நம் ஊர்களில் கதையென்று சொல்லாமல் மெய்யென்று சொல்லி வழங்குகிற பேய்களைக் கவனிப்போம். முதலாவது, இந்தப் பேய்களுக்கும் ஜாதி இருக்கிறது. பிராமணன் தப்புச் செய்து செத்தால் பிரம்மராட்சசனாம். அவனுக்கு வேதமும் தெரியும், அரசமரத்தில் வாசம், மரியாதையாகப் பேசி, பூஜை செய்து அனுப்ப வேண்டும். மற்றவன் செத்தால் வெறும் காட்டேரி, கொள்ளிவாய், புளியமரத்தில் வாசம், செருப்பாலும் விளக்குமாற்றாலும் அடித்து ஓட்ட வேண்டும். உயிரோடு இருக்கும்போது அக்கிரகாரத்துக்கும் சேரிக்கும் நடுவில் இருந்த வேலி, செத்த பிறகும் மரத்துக்கு மரம் போடப்பட்டிருக்கிறது! சாவு எல்லோரையும் சமமாக்கும் என்று வேதாந்தம் பேசுகிறவர்கள் இதற்கு என்ன சமாதானம் சொல்லுவார்கள்?

இரண்டாவது, பேயாகிறவர்கள் யார் என்று கணக்கெடுத்துப் பாருங்கள். பிரசவத்தில் செத்தவள், கிணற்றில் விழுந்தவள், தீயில் வெந்தவள், கலியாணமாகாமல் செத்தவள். நிம்மதியாக வாழ்ந்து நூறு வயதில் செத்த மிராசுதார் பேயாகி வந்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை. கிணற்றில் விழுந்த மருமகள் பேயாகி வெள்ளைச் சேலையோடு சுற்றுகிறாள் என்று ஊரெல்லாம் சொல்லுகிறதே, அவள் ஏன் கிணற்றில் விழுந்தாள், தானாக விழுந்தாளா என்று மாத்திரம் ஒருவரும் கேட்பதில்லை. நல்ல கதைக்காரனாக இருந்தால் கதையை அங்கேதான் கொண்டுபோய் முடித்திருப்பான். ஊரார் சொல்லும் கதையோ அந்த இடத்திற்கு வருகிறதற்கு முன்பே நின்றுவிடுகிறது. நிறுத்துகிறவர்களுக்கு அதில் லாபம் இருக்கிறது.

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கங்களில் வயலோரத்திலும் மரத்தடியிலும் வேடியப்பன் என்று கும்பிடப்படுகிற கற்களில் பல நடுகற்களே. மாட்டைக் கொள்ளையடிக்க வந்தவர்களோடு சண்டை போட்டு, ஆநிரையை மீட்டு, அம்பு பட்டுச் செத்த மனிதனுக்கு ஊரார் நட்டுவைத்த கல். அவனுடைய உருவமும், பல கற்களில் அவன் பெயரும், எந்த ராஜாவின் எத்தனையாவது ஆண்டில் விழுந்தான் என்பதும் வட்டெழுத்திலே வெட்டப்பட்டிருக்கின்றன. தர்மபுரி அருங்காட்சியகத்துக்குப் போனால் இப்படிப்பட்ட கற்களை வரிசையாகப் பார்க்கலாம். பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்டுவது நல்லது. அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாமல் போன பிறகு, ஊருக்காக உயிர் விட்ட மனிதன் யார் என்பதும் மறந்துபோய், அவனுக்குப் பலி கொடுக்காவிட்டால் கோபித்துக்கொள்ளுவான் என்ற பயம் மாத்திரம் மிச்சமாயிற்று. கல்லில் இருப்பது மெய்யான சரித்திரம். வாயில் இருப்பது பயம். இதைக் காட்டிலும் விநோதமான திருப்பத்தை எந்தக் கதைக்காரன் எழுதினான்?

நம் தோழர்களின் குறையையும் இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். புளியமரத்துப் பேயைப் பற்றி மேடையில் கேட்டால், "இராத்திரியில் மரம் கரியமில வாயுவை விடுகிறது, அடியில் படுத்தவனுக்கு மூச்சுத் திணறுகிறது, அதுதான் பேய்" என்று நம்மவர்கள் ஒரு பதிலை மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். மரம் இரவில் கரியமில வாயுவை விடுவது வாஸ்தவமே. ஆனால் அது மிகவும் கொஞ்சம். திறந்த வெளியில் காற்றோடு போய்விடுகிற அதைவிட, ஒரே அறையில் நம் பக்கத்தில் படுத்திருக்கிறவர் விடுகிற மூச்சிலே அதிகமாக இருக்கிறது. ஆகவே இந்தப் பதிலும் ஆராயாமல் ஒப்புக்கொண்ட ஒரு நம்பிக்கைதான். எதிரி சொல்லும் பொய்க்கு நாம் ஒரு தப்பான விஞ்ஞானத்தைப் பதிலாகச் சொல்லுவது நமக்கு யோக்கியதை அல்ல. இராத்திரி மார்பில் ஏறி உட்கார்ந்து அமுக்குகிற பேய்க்குத்தான் சரியான காரணம் தெரிந்திருக்கிறது. கனவு காண்கிற தூக்கத்தில், கனவில் ஓடுகிறபடி நிஜமாகவே ஓடிவிடாமல் இருக்க, உடம்பின் தசைகள் செயலற்றுக் கிடக்கின்றன. சில சமயம் உடம்பு விடுபடுவதற்கு முன்பே நினைவு வந்துவிடுகிறது. கண் திறந்திருக்கும், கை கால் அசையாது, வாய் வராது, கனவின் மிச்சம் அறையிலே நிற்பதுபோல் தோன்றும். சில வினாடியோ, ஒன்றிரண்டு நிமிஷமோ இருந்து தானே விலகிவிடும். மல்லாந்து படுக்கிறவர்களுக்கும் தூக்கம் கெட்டவர்களுக்கும் இது அதிகம் வரும். பேய்க் கதை படித்த இரவில் ஒருவேளை வந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

தர்மபுரியிலிருந்து சேலம் போகிற நெடுஞ்சாலையில் தொப்பூர்க் கணவாய் இருக்கிறது. கணவாய் என்று ஒன்று இருந்தால் அங்கே வண்டியை மறிக்கிற மோகினி ஒருத்தியும் இருந்தாக வேண்டும் என்பது கதைக்காரர்களின் சட்டம். இரவில் லாரிகள் அங்கே புரண்டுகொண்டே இருந்தால் மோகினிக்குக் கேட்க வேண்டுமா? மெய்யான காரணம் என்னவென்றால், சாலை நெடுந்தூரம் சரிந்துகொண்டே இறங்குகிறது. பாரம் ஏற்றிய லாரியை, எண்ணெய் மிச்சமாகட்டும் என்று கியரை விலக்கி நியூட்ரலில் விடுகிறார்கள். இஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்துவது போய்விடுகிறது. முழுப் பளுவும் பிரேக்கின் மேல் விழுகிறது. பிரேக் சூடேறிச் சூடேறிக் கடைசியில் பிடிக்காமலே போகிறது. 2024 ஜனவரி 24-ந் தேதி அங்கே லாரிகளும் கார்களும் மோதி நால்வர் மாண்டார்கள். அந்தக் காட்சியைக் காமிராவில் பார்த்து நாடே நடுங்கியது. அதில் எந்த மோகினியும் தெரியவில்லை. மோகினியைக் குற்றவாளியாக்கினால், எண்ணெயை மிச்சம் பிடிக்கச் சொல்லுகிற முதலாளியையும், தூங்கவிடாமல் வண்டி ஓட்டவைக்கிற வாடகைக்காரனையும், சரிவைச் சரிப்படுத்தாமல் வருஷக்கணக்காக விட்டிருந்தவர்களையும் கேட்க வேண்டியதில்லை. ஒரு எலுமிச்சம்பழத்தோடு காரியம் முடிந்துவிடும்.

பேய்க் கதையை மெய்யாகவே துப்பறிந்த ஒருவரைப் பற்றி நம் வாசகர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். டாக்டர் ஆபிரகாம் கோவூர் 1898-ல் கேரளத்துத் திருவல்லாவில் பிறந்தவர். பாதிரியார் வீட்டுப் பிள்ளை. 1928-ல் யாழ்ப்பாணத்துக்கு வாத்தியார் வேலைக்குப் போய், இலங்கையிலேயே தங்கி, 1978-ல் கொழும்பில் இறந்தவர். தாவர நூல் ஆசிரியர். கல்கத்தாவில் படித்த காலத்தில், ஊர்க்காரர்கள் கங்கா தீர்த்தம் கேட்டார்கள் என்று, வரும் வழியில் ரயில் ஸ்டேஷன் குழாயில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தாராம். அதைக் குடித்தே பலருக்கு நோய் தீர்ந்தது என்று அவர்கள் வந்து சொன்னார்களாம். அன்று முதல் அவருக்குச் சந்தேகம் பிடித்துக்கொண்டது. பேய் வீடு என்று சொல்லப்படுகிற வீடுகளுக்கெல்லாம் தேடிப் போனார். மோசடிக்கு இடமில்லாத நிபந்தனையில் அற்புதம் செய்து காட்டுகிறவர்களுக்கு ஒரு லட்ச ரூபாய் தருவதாக 1963-ல் அறைகூவல் விட்டார். அவர் சாகும்வரை அந்தப் பணத்தை வாங்க ஒருவருக்கும் யோக்கியதை ஏற்படவில்லை. அவர் துப்பறிந்த ஒரு சங்கதியை வைத்து 1972-ல் மலையாளத்தில் புனர்ஜன்மம் என்ற சினிமாவும், 1973-ல் தமிழில் மறுபிறவி என்ற சினிமாவும் வந்தன.

அவருடைய குறிப்புகளைப் படிக்கிறவர்களுக்குப் படுக்கையில் படிக்கத்தக்க கதை வேறு வேண்டியதில்லை. வீட்டுக் கூரையில் கல் விழுகிறது. உலர்த்தின துணி தானே தீப்பிடிக்கிறது. சோற்றுப் பானையில் மண் விழுகிறது. பூட்டின பெட்டியில் சேலை கிழிந்து கிடக்கிறது. வீட்டார் சோதிடன், பூசாரி, பாதிரி, லெப்பை எல்லோரையும் கூப்பிட்டுப் பணத்தைத் தொலைத்த பிறகு கோவூரைக் கூப்பிடுகிறார்கள். அவர் வந்து கூரையையும் மரத்தையும் பார்ப்பதில்லை. வீட்டிலுள்ளவர்களை ஒவ்வொருவராகத் தனியே உட்காரவைத்துப் பேசுகிறார். பெரும்பாலும் கடைசியில் அகப்படுவது, அந்த வீட்டிலேயே யாரும் கவனிக்காத ஒரு இளவயசுப் பிள்ளை, வேலைக்காரச் சிறுமி, இஷ்டமில்லாத கலியாணத்துக்கு நிச்சயிக்கப்பட்ட பெண். வாயால் சொல்ல முடியாத துக்கத்தைக் கல்லால் சொல்லியிருக்கிறது. சிலருக்குத் தாங்கள் செய்தது தங்களுக்கே நினைவில்லை. கோவூர் அவர்களை அடிக்கவும் இல்லை, ஊரார் முன் நிறுத்தி அவமானப்படுத்தவும் இல்லை. துக்கத்துக்குக் காரணம் எதுவோ அதை வீட்டாரிடம் சொல்லி நீக்கச் செய்தார். கல் விழுவதும் நின்றது.

நம் பக்கத்தில் நடப்பதென்ன? அதே துக்கமுள்ள பெண்ணின் தலையை விரித்துப் போட்டு, உடுக்கையடித்து, "நீ யார்? எந்த ஊர்? சொல்லு!" என்று பூசாரி அதட்டுகிறான். சாட்டையால் அடிக்கிறான். அடி பொறுக்காமல் அவள் செத்துப்போன யாரோ ஒருத்தியின் பெயரைச் சொல்லுகிறாள். பிறகு தலையில் கல்லை ஏற்றி ஓடவைத்து, புளியமரத்தில் அவள் மயிர்க் கற்றையை ஆணி வைத்து அடிக்கிறார்கள். பேய் போய்விட்டதாம்! போனது பேயல்ல, "எனக்கு இந்த வீட்டில் கஷ்டம்" என்று அவள் சொல்ல வந்த வார்த்தைதான். இனி அவள் வாயைத் திறந்தால் மறுபடியும் சாட்டை வரும் என்று அவளுக்குத் தெரியும். மனக்கோளாறு உள்ளவர்களின் கதியோ இதைவிட மோசம். 2001 ஆகஸ்டு 6-ந் தேதி விடியற்காலையில் ராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் ஒரு கொட்டகை தீப்பிடித்தபோது, தர்காவில் குணமாகும் என்று நம்பிக் கொண்டுவந்து சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்த 28 பேர், ஓடவும் முடியாமல் வெந்து மாண்டார்கள். அவர்களைக் கட்டியது எந்தப் பேய்? ஒகேனக்கலில் பரிசல் ஏறி அக்கரைக்குப் போனால் கர்நாடகம். அங்கே பேயோட்டுகிறேன் என்று மனிதரை அடிப்பதையும் கட்டிவைப்பதையும் குற்றமாக்கி 2017-ல் ஒரு சட்டம் செய்திருக்கிறார்கள். இக்கரையில் உள்ளவர்களுக்கும் முதுகு அதே தோலால் ஆனதுதான்.

பிள்ளைகளைப் பற்றி இரண்டு வார்த்தை. ஐந்தாறு வயதுக் குழந்தைக்குக் கதைக்கும் மெய்க்கும் உள்ள எல்லை இன்னும் உறுதிப்படவில்லை. அவர்களுக்கு நடுங்கவைக்கிற கதை வேண்டாம். வேடிக்கைப் பேய் போதும். "தூங்காவிட்டால் பூச்சாண்டி பிடித்துக்கொண்டு போவான்" என்பது கதையே அல்ல, அது மிரட்டல். கதையை அனுபவிக்கப் பழகின பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குப் படிக்கலாம். முடிவுக்கு வருகிற சமயத்தில் புத்தகத்தை மூடிவிட்டு, "யார் செய்திருப்பார்கள், சொல்லு பார்க்கலாம்" என்று கேட்பது நல்லது. நம் தோழர் அப்படித்தான் செய்கிறாராம். அவர் மாமியார் பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடுகிறாராம்.

இனி, கடிதத்தின் முடிவில் இருந்த அந்த நாலு வரி. தோழர் தெருவில், கலியாணமாகி ஏழு மாதமான ஒரு பெண்ணுக்குப் பேய் பிடித்திருப்பதாகச் சொல்லுகிறார்கள். சாப்பிடுவதில்லை, இராத்திரியில் எழுந்து உட்கார்ந்து அழுகிறாள், கேட்டால் பதில் சொல்லுவதில்லை. வருகிற அமாவாசையன்று பூசாரியைக் கொண்டு ஓட்டப் போகிறார்கள். "என்ன செய்வது?" என்கிறார்.

நாலு பக்கம் கதையைப் பற்றியும், நாலு வரி இதைப் பற்றியும் எழுதியதற்காகத் தோழரை நாம் கண்டிக்க வேண்டியிருக்கிறது. ஆனாலும் எழுதினாரே என்று சந்தோஷப்படுகிறோம். அவர் அந்த வீட்டுக்குப் போய், பேய் உண்டா இல்லையா என்று தர்க்கம் செய்ய வேண்டியதில்லை. செய்தால் கதவைச் சாத்திவிடுவார்கள். அவருடைய மாமியாரை அனுப்பட்டும். தினமும் முடிவை முன்கூட்டியே கண்டுபிடிக்கிற அந்த அம்மாள், அந்தப் பெண்ணின் பக்கத்தில் புருஷனும் மாமியாரும் இல்லாத நேரத்தில் உட்கார்ந்து, ஒன்றும் கேட்காமல் கொஞ்ச நேரம் இருக்கட்டும். பிறகு கேட்கட்டும். பெண்ணின் தாய் வீட்டுக்கும் சொல்லியனுப்ப வேண்டும். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மனநோய் பார்க்கிற டாக்டர்கள் இருக்கிறார்கள், காசு வேண்டியதில்லை. 14416 என்ற நம்பருக்குப் போன் செய்தால் மனக் கஷ்டத்துக்கு யோசனை சொல்லுகிறார்கள்; வீட்டிலே அடி உதை என்றால் பெண்களுக்கு 181 இருக்கிறது. இவ்வளவுக்கும் மிஞ்சிச் சாட்டையை எடுத்தால், எந்தச் சாமியின் பெயரைச் சொல்லி அடித்தாலும் அடிப்பது குற்றம் என்று போலீசில் எழுதிக் கொடுக்கத் தோழர் தயங்கக் கூடாது. கருப்புச் சட்டையைப் பற்றிக் கவலைப்பட்ட உள்ளூர்த் தோழர்களும் அன்றைக்குப் புளியமரத்தடிக்குக் கூடவே போகட்டும்.

தோழருக்குத் தனியாகவும் எழுதியிருக்கிறோம். அமாவாசைக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.